சிங்கப்பூரில் வாங்கிய பொருளுக்குக் கட்டிய வரியைத் திரும்பப் பெறுவது எப்படி?

சிங்கப்பூருக்குச் சுற்றுலாவாகச் சென்று வருகிறவர்களில் பலர், அங்கே நகையோ மடிக்கணினியோ கைக்கடிகாரமோ வாங்கும்போது அதன் விலைக்குள்ளேயே 9 விழுக்காடு பொருள் சேவை வரி அடங்கியிருக்கிறது என்பதையும், பொருளை நாட்டை விட்டு வெளியே எடுத்துச் செல்லும் சுற்றுலாப் பயணிக்கு அந்த வரியைத் திருப்பித் தர அந்நாட்டு அரசு ஒரு திட்டம் வைத்திருக்கிறது என்பதையும் அறிவார்கள். ஆனாலும் அறிந்தவர்களிலேயே கணிசமானோர் பணம் பெறாமல் திரும்புகிறார்கள். விதிகள் கடினமாக இருப்பது அதற்குக் காரணமன்று. கடையில் செய்யவேண்டியதை விமான நிலையத்தில் செய்ய முயல்வதும், பெட்டியை ஒப்படைப்பதற்கு முன் செய்யவேண்டியதை ஒப்படைத்த பின் நினைத்துக்கொள்வதுமே பெரும்பாலான இழப்புகளுக்குக் காரணம். ஆகவே, முதல்முறை செல்கிறவர்களுக்காக, எதை எந்த இடத்தில் எந்த வரிசையில் செய்ய வேண்டும் என்பதை இங்கே எழுதுகிறேன். சிங்கப்பூர்த் தமிழர்கள் டாலரை வெள்ளி என்றே சொல்வார்கள். கடைகளில் காதில் விழப்போவதும் அச்சொல்தான் என்பதால், இக்கட்டுரையிலும் அப்படியே வைத்துக்கொள்கிறேன்.

எவ்வளவு திரும்பக் கிடைக்கும்?

இந்த வரி 1994-இல் 3 விழுக்காட்டில் தொடங்கியது. 2007-இல் 7 விழுக்காடாகவும், 2023-இல் 8 விழுக்காடாகவும், 2024 ஜனவரி 1 முதல் 9 விழுக்காடாகவும் உயர்ந்தது. வரி 7 விழுக்காடாக இருந்த காலத்தில் சென்று வந்த உறவினர்கள் சொல்லும் கணக்கு இன்றைக்குப் பொருந்தாது.

கடையின் விலைச்சீட்டில் எழுதியிருக்கும் தொகை வரியும் சேர்ந்த தொகை. எனவே அந்தத் தொகையில் நேராக 9 விழுக்காட்டைக் கணக்கிட்டுக்கொண்டு அவ்வளவும் வரும் என்று எதிர்பார்ப்பது தவறு. கொடுத்த தொகையை 109-ஆல் வகுத்து 9-ஆல் பெருக்கினால் வருவதே அதிலுள்ள வரி. 1,526 வெள்ளிக்கு ஒரு மடிக்கணினி வாங்கினால் அதில் வரி 126 வெள்ளி; 2,180 வெள்ளிக்கு ஒரு சங்கிலி வாங்கினால் 180 வெள்ளி; 109 வெள்ளிக்கு ஒரு காலணி வாங்கினால் 9 வெள்ளி. இதிலிருந்தும், பணத்தைத் திருப்பித் தரும் வேலையைச் செய்கிற முகவர் நிறுவனம் தன் சேவைக் கட்டணத்தைக் கழித்துக்கொள்ளும். தொகை சிறிதாக இருந்தால் இந்தக் கழிவின் பங்கு பெரிதாகத் தெரியும். எவ்வளவு கழிப்பார்கள் என்று கடையிலேயே கேட்டுக்கொள்வதில் கூச்சப்பட வேண்டியதில்லை.

இந்தக் கணக்கை முன்கூட்டியே போட்டுப் பார்ப்பதில் இன்னொரு நன்மையும் உண்டு. வரி திரும்பக் கிடைக்கும் என்ற ஒரே காரணத்துக்காக, ஊரில் அதைவிடக் குறைவாகக் கிடைக்கும் பொருளை அங்கே வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். எட்டு விழுக்காட்டுக்குச் சற்று மேற்பட்ட இந்தத் தொகையைக் கழித்த பிறகும் விலை சாதகமாக இருக்கிறதா என்று பார்த்தே வாங்க வேண்டும்.

யாருக்கு உரிமை உண்டு?

பொருள் வாங்கும் நாளில் 16 வயது நிரம்பியவராகவும், சிங்கப்பூர்க் குடிமகனாகவோ நிரந்தரவாசியாகவோ இல்லாதவராகவும் இருக்க வேண்டும். வாங்கும் நாளுக்கு முந்தைய 24 மாதங்களில் 365 நாள்களுக்கு மேல் அங்கே தங்கியிருக்கக் கூடாது. முந்தைய 6 மாதங்களில் அங்கே வேலை பார்த்திருக்கவும் கூடாது. புறப்படும் விமானம் அல்லது கப்பலின் பணியாளர்களுக்கும் இது கிடையாது. சுற்றுலா விசாவில் ஒரு வாரம் சென்று வருகிற குடும்பத்துக்கு இந்த நிபந்தனைகளில் எதுவும் தடையாக இராது.

தடையாக இருப்பது வேலை அனுமதியில் அங்கே இருப்பவர்களுக்குத்தான். ஒப்பந்தம் முடிந்து ஒரேயடியாக ஊர் திரும்பும் தொழிலாளி, கடைசி வாரத்தில் வாங்கும் தொலைபேசிக்கும் சங்கிலிக்கும் வரியைத் திரும்பப் பெற முடியாது. ஆறு மாத நிபந்தனை அவரை விலக்கிவிடுகிறது. ஆண்டுக்கணக்காக அங்கே உழைத்து வரி கட்டியவருக்கு இல்லாத சலுகை, நான்கு நாள் வந்துபோகிறவருக்கு உண்டு என்பது சற்று உறுத்தலாகவே இருக்கிறது. ஆனால் விதி அதுதான். மாணவர் அனுமதியில் இருப்பவர்களுக்கு மட்டும் ஒரு சிறு வழி இருக்கிறது: அனுமதி முடிவதற்கு முந்தைய 4 மாதங்களுக்குள் வாங்கிய பொருளாக இருந்து, அதை எடுத்துக்கொண்டு வெளியேறி, குறைந்தது 12 மாதம் திரும்பி வராமல் இருக்கும் எண்ணத்துடன் செல்பவராக இருந்தால், அவர்கள் விண்ணப்பிக்கலாம்.

இங்கே நம் குடும்பங்களில் வழக்கமாக எழும் ஒரு யோசனையைப் பற்றி வெளிப்படையாகச் சொல்லிவிட வேண்டும். மகன் அங்கே வேலை பார்க்கிறான், பெற்றோர் பார்க்க வந்திருக்கிறார்கள், அவன் தனக்காகவோ நண்பனுக்காகவோ வாங்கும் பொருளை அப்பாவின் கடவுச்சீட்டில் பதிவு செய்துவிடலாமே என்பதுதான் அந்த யோசனை. சுற்றுலாப் பயணி தாமே வாங்கிய பொருளுக்கே இத்திட்டம் பொருந்தும். மற்றவர் வாங்கியதைத் தம் பெயரில் காட்டுவது குற்றம். ஐம்பது வெள்ளிக்காக வயதான தந்தையைச் சுங்க அதிகாரியின் முன் பொய் சொல்ல வைப்பது வேண்டாம்.

எந்தப் பொருளுக்குக் கிடைக்காது?

சிங்கப்பூரிலேயே பயன்படுத்தித் தீர்த்த எதற்கும் கிடையாது. விடுதி வாடகை, உணவகச் செலவு, கேளிக்கைப் பூங்கா நுழைவுச் சீட்டு, வாடகைக் கார் ஆகியவற்றில் வரி வாங்கியிருப்பார்கள். அது திரும்ப வராது. வணிக நோக்கில் மொத்தமாக வாங்கிச் செல்வதற்கும், சரக்காக அனுப்பி வைப்பதற்கும் பொருந்தாது. பொருள் பயணியோடு பயணம் செய்ய வேண்டும்.

தங்கத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் லிட்டில் இந்தியாவுக்குச் செல்லும் தமிழர்கள் முதலில் விசாரிப்பது அதைத்தான். சிராங்கூன் சாலையின் நகைக்கடைகளில் விற்கும் 22 காரட் நகைகளுக்கு வரி உண்டு. எனவே கடை இத்திட்டத்தில் சேர்ந்திருந்தால் வரியைத் திரும்பப் பெறலாம். ஆனால் முதலீட்டுக்கான தங்கக் கட்டிகளுக்கு, தூய்மை 99.5 விழுக்காட்டுக்குக் குறையாமல் வரையறைக்கு உட்பட்டு இருந்தால், 2012 அக்டோபர் முதல் இந்த வரியே கிடையாது. வாங்காத வரியைத் திருப்பித் தர முடியாது அல்லவா? நகை வாங்கும்போது, தங்கத்தின் மதிப்பு, செய்கூலி, வரி ஆகிய மூன்றையும் தனித்தனியே எழுதித் தரச் சொல்லுங்கள். சில விற்பனையாளர்கள், "வரியைத்தான் விமான நிலையத்தில் வாங்கிக்கொள்ளப் போகிறீர்களே" என்று சொல்லிச் செய்கூலியில் விட்டுக்கொடுக்க மறுப்பார்கள். அது வேறு, இது வேறு. செய்கூலியில் பேரம் பேசி முடித்த பிறகே வரியைப் பற்றிப் பேச வேண்டும்.

விமான நிலையத்தில் குடிநுழைவை, அதாவது கடவுச்சீட்டுச் சோதனையை, கடந்த பிறகு உள்ள கடைகளில் வாங்கும் பொருள்களை இத்திட்டத்தோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். அங்கே வரி நீங்கிய விலையே சொல்லப்படுகிறது.

முதற்படி: கடையில்

எல்லாக் கடைகளும் இத்திட்டத்தில் இல்லை. ஆண்டு விற்பனை 10 லட்சம் வெள்ளியைத் தாண்டாத சிறு வணிகர் வரிக்குப் பதிவு செய்யவேண்டிய கட்டாயமே இல்லை. பதிவு செய்யாதவரிடம் வாங்கினால் வரியும் இல்லை, திரும்பப் பெற ஒன்றும் இல்லை. பதிவு செய்த பெரிய கடைகளுக்கும் இத்திட்டத்தில் சேர்வது அவரவர் விருப்பம். வாசலிலோ பணம் செலுத்தும் இடத்திலோ அதற்கான சின்னத்தை ஒட்டியிருப்பார்கள். விலை பேசத் தொடங்கும் முன்பே, "சுற்றுலாப் பயணிக்கு வரி திரும்பக் கிடைக்குமா?" என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுவது நல்லது. பணம் கட்டிய பிறகு கேட்டு, இல்லை என்று தெரிந்தால், அந்தத் தொகை போனதுதான்.

குறைந்தது 100 வெள்ளிக்கு, வரியும் சேர்த்து, வாங்கியிருக்க வேண்டும். ஒரே ரசீதில் அந்தத் தொகை வராவிட்டால், அதே கடையில், அதே நாளில் வாங்கிய மூன்று ரசீதுகள் வரை சேர்த்துக் காட்டலாம். இதன் நடைமுறைப் பொருள் என்னவென்றால், முஸ்தபா போன்ற பெரிய கடைக்கு மூன்று நாள் தொடர்ந்து சென்று நாளுக்கு 60 வெள்ளிக்கு வாங்குவதைவிட, பட்டியல் போட்டுக்கொண்டு ஒரே நாளில் சென்று வாங்குவதே இலாபம். அந்தக் கடையில் மணிக்கணக்கில் நின்று பழகியவர்களுக்குக் கால்வலியும் மிச்சம்.

பணம் செலுத்தும்போது கடவுச்சீட்டின் அசலைக் கொடுக்க வேண்டும். நகலோ, கைப்பேசியில் எடுத்த படமோ ஏற்கப்படுவதில்லை. 2019 முதல் இத்திட்டம் கடவுச்சீட்டோடு இணைத்து மின்னணு முறையில் நடக்கிறது. கடைக்காரர் கடவுச்சீட்டின் விவரங்களை உள்ளிட்டு, ரசீதை அதோடு பதிவு செய்கிறார். இந்தப் பதிவு நடந்தால்தான் விமான நிலையத்தின் இயந்திரத்தில் உங்கள் பெயருக்கு எதிரே ஏதேனும் தெரியும். ஆகவே ரசீதைக் கையில் வாங்கியதும், பதிவு முடிந்துவிட்டதா என்று கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். சுற்றுலா செல்கிறவர்களில் பலர் கடவுச்சீட்டை விடுதி அறையின் பெட்டகத்தில் பூட்டிவிட்டு வெளியே செல்வார்கள். அது நல்ல பழக்கம்தான். பெரிய பொருள் வாங்கச் செல்லும் அன்று மட்டும் அந்தப் பழக்கத்தை விட்டுவிட வேண்டும்.

அசல் ரசீதுகளை ஓர் உறையில் தனியாக வையுங்கள். எல்லாம் மின்னணு முறை ஆகிவிட்டதே, காகிதம் எதற்கு என்று எண்ண வேண்டாம். சுங்க அதிகாரி பொருளைப் பார்க்கக் கேட்டால் ரசீதையும் சேர்த்துத்தான் கேட்பார்.

இரண்டாம் படி: பெட்டி அடுக்கும்போது

எல்லாவற்றிலும் முக்கியமானது இந்தக் கட்டம்தான். வரி கோரும் பொருள்களை அதிகாரி பார்க்க விரும்பினால் அவை கையில் இருக்க வேண்டும். சாங்கி விமான நிலையத்தின் ஒவ்வொரு முனையத்திலும் வரி திரும்பப் பெறும் சுயசேவை இயந்திரங்கள் இரண்டு இடங்களில் உள்ளன: பெட்டிகளை ஒப்படைக்கும் கூடத்தில், அதாவது குடிநுழைவுக்கு முன்னால் ஓர் இடம், குடிநுழைவைக் கடந்த பிறகு புறப்பாட்டுக் கூடத்தில் மற்றோர் இடம். பெட்டியில் போட்டு ஒப்படைக்கப் போகும் பொருள் என்றால் முன்னால் உள்ள இயந்திரத்துக்குச் செல்ல வேண்டும், அதுவும் பெட்டியை ஒப்படைப்பதற்கு முன். கையோடு எடுத்துச் செல்லும் பொருள் என்றால் உள்ளே சென்ற பிறகு உள்ள இயந்திரத்தைப் பயன்படுத்தலாம்.

நான் இதை நட்டப்பட்டுத்தான் கற்றுக்கொண்டேன். முதல் பயணத்தில் ஒரு மடிக்கணினியையும் இரண்டு இணைக் காலணிகளையும் துணிகளுக்கு நடுவே பத்திரமாக வைத்து, பெட்டியை ஒப்படைத்துவிட்டு, உள்ளே சென்று இயந்திரத்தில் கடவுச்சீட்டை வைத்தேன். பொருள்களைச் சுங்க அதிகாரியிடம் காட்டுமாறு வந்தது. பெட்டியோ அதற்குள் விமானத்தை நோக்கிப் போய்விட்டது. என்னிடம் இருந்தது ரசீது மட்டும். அதிகாரி பணிவாகத்தான் பேசினார். ஆனால் பொருளைப் பார்க்காமல் ஒப்புதல் தர முடியாது என்றார். அவர் சொன்னதில் தவறு ஏதும் இல்லை.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் ஏற்பட்டது. நகை, கைக்கடிகாரம், மின்னணுப் பொருள்கள் அனைத்தும் கைப்பையில். கைப்பையில் அனுமதி இல்லாத திரவங்கள், வாசனைப் பொருள்கள், கனமான சமையல் பாத்திரங்கள் போன்றவை, பெட்டியின் மேல் அடுக்கில், திறந்ததும் தெரியும்படி. அடியில் வைத்து அழுத்திக் கயிறு கட்டி நெகிழித்தாள் சுற்றிய பெட்டியை, பின்னால் வரிசை நிற்க, கூடத்தின் நடுவே பிரித்துக் காட்டுவது பெரும் சங்கடம்.

பொருளை அதற்குள் பயன்படுத்தத் தொடங்கலாமா என்று சிலர் கேட்பதுண்டு. கைக்கடிகாரத்தைக் கட்டிக்கொண்டு வருவதில் சிக்கல் இல்லை. அங்கேயே உண்டு தீர்ந்துபோன இனிப்புப் பெட்டிக்கு வரி கேட்க முடியாது.

மூன்றாம் படி: விமான நிலையத்தில்

வாங்கிய நாளிலிருந்து 2 மாதங்களுக்குள் பொருளோடு புறப்பட வேண்டும். புறப்படும் வழியும் முக்கியம். சாங்கி, செலேத்தார் ஆகிய விமான நிலையங்கள் வழியாகவோ, மரினா பே, ஹார்பர்ஃபிரண்ட் முனையங்களிலிருந்து செல்லும் பன்னாட்டு உல்லாசக் கப்பல் வழியாகவோ சென்றால்தான் கோர முடியும். சிங்கப்பூரிலிருந்து கிளம்பி மீண்டும் சிங்கப்பூருக்கே திரும்பும் கப்பல் பயணம் இதில் சேராது. உட்லண்ட்ஸ், துவாஸ் தரைவழிகளுக்கும், பாத்தாம் போன்ற தீவுகளுக்குச் செல்லும் படகுகளுக்கும் இவ்வசதி இல்லை. சிங்கப்பூரில் வாங்கிக்கொண்டு பேருந்தில் ஜொகூர் பாரு சென்று, கோலாலம்பூரிலிருந்து விமானம் ஏறுவதாகத் திட்டமிட்டிருப்பவர்கள் இதை முன்பே கணக்கில் கொள்ள வேண்டும். இரு நாடுகளையும் சேர்த்துப் பார்ப்பவர்கள், பெரிய கொள்முதலை வைத்துக்கொண்டு சிங்கப்பூரிலிருந்து விமானம் ஏறும்படி பயண வரிசையை மாற்றிக்கொள்ளலாம்.

இயந்திரத்தில் கடவுச்சீட்டை வைத்ததும் நீங்கள் வாங்கியவற்றின் பட்டியல் திரையில் வரும். கடையில் காட்டிய அதே கடவுச்சீட்டாக இருக்க வேண்டும். சாங்கியில் இப்போது முகத்தையும் கண்ணையும் காட்டிக் குடிநுழைவைக் கடந்துவிட முடிகிறது என்பதால், கடவுச்சீட்டைப் பையின் ஆழத்தில் புதைத்துவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். இந்த இயந்திரம் வரை அது கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும். திரையில் வரும் கேள்விகள் தகுதியைப் பற்றியவை. படித்துப் பார்த்து உண்மையாகப் பதில் தர வேண்டும். பிறகு பணத்தை எப்படிப் பெற விரும்புகிறீர்கள் என்று கேட்கும்.

இறுதியில் ஒரு சீட்டு அச்சாகி வரும். ஒப்புதல் கிடைத்துவிட்டது என்று அதில் இருந்தால் வேலை ஏறக்குறைய முடிந்தது. பொருள்களைக் காட்டவேண்டும் என்று இருந்தால், பொருள், ரசீது, கடவுச்சீட்டு, விமானச் சீட்டு ஆகியவற்றோடு அருகிலுள்ள சுங்கச் சோதனை முகப்புக்குச் செல்ல வேண்டும். யாரைச் சோதிப்பார்கள் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. எல்லோரும் சோதிக்கப்படுவோம் என்று எண்ணித் தயாராவதே புத்திசாலித்தனம். ஒப்புதல் கிடைத்த 12 மணி நேரத்துக்குள் பொருளோடு புறப்பட்டுவிட வேண்டும் என்பதால், பிரிவு உபசாரத்துக்காக மீண்டும் ஊருக்குள் சென்று வரும் எண்ணம் வேண்டாம்.

இவையனைத்துக்கும் வழக்கமான நேரத்தைவிட ஒரு மணி நேரம் கூடுதலாக ஒதுக்குங்கள். நள்ளிரவை ஒட்டிப் புறப்படும் விமானங்களும், பள்ளி விடுமுறைக் கால விமானங்களும் என்றால் இன்னும் சற்று அதிகமாகவே வேண்டும்.

பணமா, அட்டையா?

கடன் அட்டையைத் தேர்ந்தெடுத்தால், ஒப்புதல் கிடைத்து ஏறத்தாழ 10 நாள்களில் தொகை அட்டைக் கணக்கில் வந்து சேரும். உங்கள் வங்கி தன் மாற்று வீதப்படி ரூபாயாக்கி வரவு வைக்கும். ரொக்கத்தைத் தேர்ந்தெடுத்தால், குடிநுழைவைக் கடந்த பிறகு புறப்பாட்டுக் கூடத்தில் உள்ள பணம் தரும் முகப்பில், இயந்திரம் தந்த சீட்டையும் கடவுச்சீட்டையும் காட்டி, வெள்ளியாகவே பெற்றுக்கொள்ளலாம். பெட்டி ஒப்படைக்கும் கூடத்திலேயே ஒப்புதல் வாங்கியிருந்தாலும், ரொக்கம் உள்ளேதான் கிடைக்கும் என்பதைத் தெரிந்துகொள்ளாமல், வெளியே முகப்பைத் தேடி அலைகிறவர்களைப் பார்த்திருக்கிறேன்.

என் தேர்வு அட்டைதான். ரொக்கமாகப் பெற்ற வெள்ளி, பெரும்பாலும் விமானம் ஏறும் முன்பே மிட்டாய்க் கடையில் தீர்ந்துவிடுகிறது. அட்டை எண்ணை உள்ளிடும்போது மட்டும் இரண்டு முறை சரிபாருங்கள். ஓர் எண் பிசகினால் ஊரிலிருந்து மின்னஞ்சல் எழுதி மாதக்கணக்கில் காத்திருக்க நேரும். அட்டையே இல்லாத பெரியவர்களுக்கு ரொக்கம்தான் வசதி. அவர்களோடு செல்பவர் முகப்பு இருக்கும் இடத்தை முன்பே பார்த்துவைக்க வேண்டும். ஒப்புதல் பெற்ற நாளிலிருந்து 2 மாதங்களுக்குள் பணத்தைப் பெற்றுக்கொள்ள வேண்டும் என்றும் விதி இருக்கிறது. அட்டையில் வரவு வரும் வரை இயந்திரம் தந்த சீட்டைக் கிழித்தெறியாதீர்கள்.

ஊர் வந்து இறங்கும்போது

சிங்கப்பூரில் வரி திரும்பக் கிடைத்ததற்கும், இந்தியாவில் இறங்கியதும் சுங்கத் தீர்வை கட்டவேண்டுமா என்பதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை. அங்கே சுங்க அதிகாரி ஒப்புதல் தந்துவிட்டாரே என்று இங்கே, தீர்வை கட்டவேண்டிய பொருள் இல்லாதவர்களுக்கான பச்சை வழியில் நடந்துவிட முடியாது. 18 வயது நிரம்பிய பயணி ஒருவர் ஒரு மடிக்கணினியைத் தீர்வையின்றிக் கொண்டுவரலாம். நகையில்தான் பலர் சிக்கிக்கொள்கிறார்கள். ஆண்களுக்கு 20 கிராம், பெண்களுக்கு 40 கிராம் என்று ஊரில் பரவலாகச் சொல்லப்படும் நகைச் சலுகை, ஓராண்டுக்கு மேல் வெளிநாட்டில் வசித்துத் திரும்புகிறவர்களுக்கானது. ஒரு வாரச் சுற்றுலா சென்று வருகிறவர்களுக்கு உரியதன்று. ஆகவே சங்கிலிக்குத் திரும்பக் கிடைக்கும் 180 வெள்ளியைக் கணக்கிடும்போதே, இங்கே கட்டவேண்டி வரக்கூடிய தீர்வையையும் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். கட்டவேண்டியிருந்தால் சிவப்பு வழியில் சென்று, சிங்கப்பூர்க் கடையின் ரசீதைக் காட்டி, உள்ள விலையைச் சொல்லிக் கட்டிவிடுவதே முறை. ரசீதுகள் உள்ள உறையை இங்கே வந்து சேரும் வரை கைப்பையில் வைத்திருக்க வேண்டியதற்கு இதுவும் ஒரு காரணம்.